சபோட்டாஜ்: ஒரு பிரெஞ்சுச் சொல்லின் பொருளும் வழக்கும்

‘சபோட்டாஜ்’ என்னும் ஆங்கிலச் சொல் இன்று பெரும்பாலும் அழிவைக் குறிக்கிறது. பாலத்தைத் தகர்ப்பது, தண்டவாளத்தைப் பெயர்ப்பது, தொலைபேசிக் கம்பியை அறுப்பது, எதிரி நாட்டின் கணினிக்குள் தீநிரலைப் புகுத்துவது ஆகிய எல்லாம் அந்தப் பெயரில்தான் செய்தியாகின்றன. பிரெஞ்சிலிருந்து இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்து நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதைப் போராட்டச் சொல்லாக முதலில் எடுத்தாண்ட பிரெஞ்சுத் தொழிலாளர்கள் சொன்ன பொருளோ வேறு: கொடுக்கிற கூலிக்குத் தக்க வேலை. அந்தப் பொருள் மறைந்து அழிவு மேலெழுந்தது இயல்பாக நடந்த ஒன்றல்ல. தொழிற்சங்கம், செய்தித்தாள், நீதிமன்றம், போர் அமைச்சகம் என்று ஒவ்வொரு கையும் அதைத் தன் தேவைக்கு வளைத்திருக்கிறது.

சொல்லின் அடி ‘சபோ’. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யும் காலணிக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். சேறும் குளிரும் மிகுந்த வட பிரான்சின் கிராமங்களில் தோல் செருப்பு வாங்க வசதியில்லாத உழவர்கள் அதையே அணிந்தார்கள். அதிலிருந்து பிறந்த வினை ‘சபோத்தே’. மரச்செருப்பு ஒலிக்க நடப்பது, ஒருவரைப் போட்டு உலுக்குவது என்று அதற்குப் பல பொருள்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கில் ஒரு வேலையை அரைகுறையாக, அலங்கோலமாகச் செய்து தள்ளுவதும் ‘சபோத்தே’ ஆயிற்று. கிராமத்திலிருந்து மரச்செருப்போடு வந்தவரின் தடுமாற்றமான நடையும் பழக்கமில்லாத கையும் இந்தப் பொருளுக்கு வழிவிட்டிருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கம். வினையோடு ‘ஆழ்’ என்று ஒலிக்கும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்து ‘சபோத்தாழ்’ ஆயிற்று. மரச்செருப்பு செய்யும் தொழிலுக்கும் அதே பெயர். இரயில்பாதையில் தண்டவாளம் உட்காருவதற்குக் கட்டைகளில் பள்ளம் வெட்டும் வேலைக்கும் அதே பெயர். இவ்விரண்டிலும் குற்றத்தின் சாயல் எதுவும் கிடையாது.

பலர் நம்பும் ஒரு கதையை இங்கே விலக்கிவிட வேண்டியிருக்கிறது. இயந்திரத் தறிகள் வந்தபோது வேலையிழந்த நெசவாளர்கள் தங்கள் மரச்செருப்பைக் கழற்றி எந்திரத்துக்குள் எறிந்தார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்பது அந்தக் கதை. நாடகத்தன்மை மிகுந்த காட்சி என்பதால் பாடநூல்கள் வரை அது பரவியிருக்கிறது. ஆனால் சொல் அந்தப் பொருளில் பிறந்த காலத்து ஆவணங்களில் இதற்குச் சான்று இல்லை. தறியை உடைத்த கலகங்கள் நடந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். சொல் போராட்டப் பொருள் பெற்றது அந்த நூற்றாண்டின் இறுதியில். 1910 வேலைநிறுத்தத்தில் இரயில்பாதையின் ‘சபோ’ எனப்படும் இரும்புப் பிடிப்புகளைத் தொழிலாளர்கள் அறுத்ததால் வந்த பெயர் என்ற இன்னொரு விளக்கமும் நிற்காது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே சொல் அச்சில் இருந்தது.

அந்த அச்சுக்குக் காரணமானவர் எமில் பூழே. 1860இல் பிறந்தவர், தெருப்பேச்சு மொழியிலேயே எழுதப்பட்ட ‘பேர் பெனார்’ என்ற அரசெதிர்ப்பு இதழை 1889இல் தொடங்கியவர். 1894இல் பிரெஞ்சு அரசின் அடக்குமுறைச் சட்டங்களுக்குத் தப்பி இலண்டன் சென்று சிறிது காலம் தங்கினார். அங்கே பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் நடைமுறைகள் அவருக்கு அறிமுகமாயின. அவற்றில் ஒன்று அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் பத்து விழுக்காடு கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வயல்வேலைக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், போராட்டம் தோற்றது. அந்த வயல்வேலைக்காரர்களுக்குக் கப்பல் சரக்கைக் கையாளத் தெரியாது, நீரில் தவறவிட்டார்கள், ஒருவர் செய்யும் வேலைக்கு இருவர் தேவைப்பட்டார்கள். ஆனாலும் அவர்கள் வேலையில் தங்களுக்கு முழுத் திருப்தி என்று முதலாளிகள் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்த தொழிலாளர்களுக்குச் சங்கம் ஒரே ஓர் அறிவுரை தந்தது: முதலாளிக்குத் திருப்தியளித்த அதே தரத்தில் நீங்களும் வேலை செய்யுங்கள். சில நாளில் கேட்ட கூலி கிடைத்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இந்த முறைக்குப் பெயர் ‘கா கானி’, அதாவது நிதானமாகப் போ.

1897 செப்டம்பரில் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிலாளர் பொதுக் கூட்டமைப்பின் மாநாட்டில் பூழேயும் பால் தெலசாலும் முன்னின்று தயாரித்த அறிக்கை இதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பரிந்துரைத்தது. ‘கா கானி’க்குப் பிரெஞ்சுப் பெயர் வேண்டியிருந்தது, அரைகுறை வேலைக்கு ஏற்கெனவே இருந்த தெருச்சொல் எடுக்கப்பட்டது. அறிக்கை இரண்டு ஆயுதங்களைச் சேர்த்தே பேசியது. ஒன்று சபோட்டாஜ்; மற்றொன்று பாய்காட். பின்னது அயர்லாந்தில் 1880இல் குத்தகைதாரர்கள் ஒதுக்கிவைத்த நில நிர்வாகி ஒருவரின் பெயரிலிருந்து ஆங்கிலத்தில் பிறந்து பிரெஞ்சுக்குள் போன சொல். பிரெஞ்சு ஆங்கிலத்திடம் ஒரு போராட்டச் சொல்லைப் பெற்று, சில ஆண்டுகளில் இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தது எனலாம்.

பூழேயின் சபோட்டாஜுக்குள் பல செயல்கள் அடங்கும். மோசமான கூலிக்கு மோசமான வேலை என்பது அதன் சூத்திரம். வேகத்தைக் குறைப்பது அதில் ஒன்று. விதிநூலில் உள்ள ஒவ்வொரு விதியையும் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றி வேலையைத் தேங்கவிடுவது இன்னொன்று. எந்திரத்தை முடக்குவதும் அதற்குள் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கூர்மையானது ‘திறந்த வாய்’ என்று அவர் பெயரிட்ட முறை. உணவுக்கடைப் பணியாளர் வாடிக்கையாளரிடம் பண்டத்தில் என்ன கலப்படம் இருக்கிறது என்று சொல்லிவிடுவது. கட்டடத் தொழிலாளி சுண்ணாம்பின் தரத்தை உள்ளபடி வெளியிடுவது. இங்கே எதுவும் உடைவதில்லை, எவருக்கும் காயமில்லை. உண்மை சொல்வதே முதலாளிக்கு நட்டம். அதுவும் சபோட்டாஜ் எனப்பட்டது. நுகர்வோரைத் தாக்கக் கூடாது, முதலாளியின் பணப்பெட்டியை மட்டுமே தாக்க வேண்டும் என்று பூழே திரும்பத் திரும்ப எழுதினார். பிற்கால அகராதிகள் தரும் பொருளோடு இதை ஒப்பிட்டால் இடைவெளி தெளிவாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பிரெஞ்சுச் செய்திகளைத் தரும் ஆங்கிலக் கட்டுரைகளில் இச்சொல் அயற்சொல்லாகத் தலைகாட்டியது. அதைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தது 1910 அக்டோபர். பிரான்சில் இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரதமர் அரிஸ்தீது பிரியான் அவர்களையே இராணுவப் பணிக்கு அழைக்கும் ஆணை பிறப்பித்தார்; பணிக்கு வர மறுப்பது இராணுவக் குற்றம் ஆனது. அரசியலுக்கு வந்த காலத்தில் பொதுவேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பேசியவர் இதே பிரியான். போராட்டத்தின்போது தந்திக் கம்பிகளும் சிக்னல் கம்பிகளும் அறுக்கப்பட்டன. ஆங்கிலப் பத்திரிகைகள் கண்டது இந்த அறுந்த கம்பிகளைத்தான். ஆக, ஆங்கிலத்தில் சொல் நிலைபெற்ற தருணத்திலேயே அதன் பழைய பாதி, மெதுவேலை என்ற பாதி, பின்னுக்குப் போய்விட்டது.

உச்சரிப்பும் சொல்லின் வயதைக் காட்டுகிறது. நார்மானியர் காலத்துக்குப் பின் பிரெஞ்சிலிருந்து வந்த ‘வில்லேஜ்’, ‘கரேஜ்’ (துணிவு), ‘மெசேஜ்’ போன்றவற்றின் ஈறு ஆங்கில நாவுக்கு முழுதும் பழகி ‘இஜ்’ என்று குறுகிவிட்டது. அண்மைக் காலத்தில் வந்த ‘மிராஜ்’, ‘மசாஜ்’, ‘கேமஃப்ளாஜ்’ ஆகியவை பிரெஞ்சு ஒலியை விடாமல் ஈற்றை நீட்டி, மென்மையாக உரசி ஒலிக்கின்றன. சபோட்டாஜ் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. அழுத்தம் மட்டும் ஆங்கில முறையில் முதலசைக்கு நகர்ந்தது. பிரெஞ்சின் ‘சபோத்தே’ வினையை ஆங்கிலம் கடன்வாங்கவில்லை. பெயர்ச்சொல்லையே வினையாகவும் ஆளத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே அவ்வழக்கு வந்துவிட்டது. செய்பவரைக் குறிக்க மட்டும் ‘சபோத்தேர்’ என்னும் பிரெஞ்சு வடிவம் அப்படியே வந்து சேர்ந்தது. வேரான ‘சபோ’வும் ஆங்கிலத்தில் தனியே உண்டு: பீரங்கிக் குழாயைவிடச் சிறிய குண்டைச் சுற்றிப் பொருத்தி, வெளியே வந்ததும் கழன்றுவிழும் உறைக்கு இராணுவத்தில் அந்தப் பெயர்.

அமெரிக்காவில் சொல்லின் வாழ்க்கை இன்னும் கொந்தளிப்பானது. அங்கே அதை ஏந்தியது ‘உலகத் தொழில்துறைத் தொழிலாளர்’ என்னும் சங்கம். ஆர்தூரோ ஜொவனீத்தி என்ற இத்தாலியக் கவிஞர் லாரன்ஸ் நகரத்து ஆலைப் போராட்டத்துக்காகச் சிறையில் இருந்தபோது, 1912இல், பூழேயின் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார். நூல் அடுத்த ஆண்டு சிகாகோவில் வெளிவந்தது. மரச்செருப்பும் முதுகை வளைத்துச் சீறும் கறுப்புப் பூனையும் சங்கத்தின் துண்டறிக்கைகளில் சின்னங்கள் ஆயின. 1912இல் இண்டியானாபொலிசில் கூடிய அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி மாநாடு சபோட்டாஜை ஆதரிப்பவரை நீக்கும் விதியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு, தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான பில் ஹேவுட் கட்சியின் தேசியச் செயற்குழுவிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு சொல்லின் பொருளைச் சுற்றி ஒரு கட்சியே பிளந்தது.

அதே 1913இல் நியூ ஜெர்சியின் பாட்டர்சன் பட்டாலைப் போராட்டத்தில் சபோட்டாஜைப் பரிந்துரைத்துப் பேசியதற்காகப் பிரெடெரிக் சம்னர் பாய்டு தண்டிக்கப்பட்டார். அவருக்குத் துணைநின்று அதே சங்கத்தின் பேச்சாளர் எலிசபெத் கர்லி ஃப்ளின் எழுதிய சிறுநூல் 1916இல் வெளிவந்தது. தொழிலாளர் தம் உழைப்புத் திறனை அறிந்தே பின்வாங்கிக்கொள்வதுதான் சபோட்டாஜ் என்பது அதன் மைய வரையறை. பாட்டர்சன் சாயப்பட்டறைகளில் பட்டின் எடையைக் கூட்ட வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் கலந்த கரைசல்களில் முக்குவது வழக்கம். அப்படிச் செய்த பட்டு விரைவில் நைந்துபோகும். அந்தக் கலப்பைச் செய்ய மறுத்துத் தூய பட்டைத் தரும் தொழிலாளியைச் சட்டம் சபோத்தேர் என்கிறது, கலப்படம் செய்விக்கும் முதலாளியை அப்படி அழைப்பதில்லை என்று ஃப்ளின் சுட்டினார். அவருடைய சிறுநூலில் மிக வலுவான பகுதி இதுதான்.

பொருளியலறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1919இல் இந்த வரையறையை எடுத்து மறுபக்கம் திருப்பினார். விலை விழாமல் காக்க உற்பத்தியைக் குறைக்கும் வணிகர், ஆலையைப் பாதி நேரம் மூடிவைக்கும் உரிமையாளர், சுங்கவரியால் சரக்கைத் தடுக்கும் அரசு ஆகிய அனைவரும் செய்வது சபோட்டாஜ்தான் என்றார். தர்க்கம் பிழையற்றது. ஆனாலும் வழக்கு அவரைப் பின்பற்றவில்லை; சந்தையை ஒடுக்கும் வணிகருக்கு அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. ஒரு சொல் யாரைச் சுட்டலாம் என்பதைத் தர்க்கம் தீர்மானிப்பதில்லை. குற்றம் சாட்டும் இடத்தில் இருப்பவரே தீர்மானிக்கிறார்.

குற்றம் சாட்டும் இடத்துக்கு இதற்குள் அரசு வந்துவிட்டது. 1916 ஜூலை 30 அன்று நியூயார்க் துறைமுகத்தில் பிளாக் டாம் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. ஜெர்மன் உளவாளிகளின் வேலை என்று பின்னர் நிலைநாட்டப்பட்ட அந்த வெடிப்பில் சுதந்திரதேவி சிலையும் சேதமடைந்தது. சிலையின் தீப்பந்தத்துக்கு ஏறும் வழி அன்று முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1917இல் ஐடஹோ மாநிலம் தொடங்கி பல மாநிலங்கள் ‘குற்றச் சங்கவாத’ச் சட்டங்களை இயற்றி, சபோட்டாஜைப் பரப்புவதையே குற்றமாக்கின. 1918 ஏப்ரலில் கூட்டரசின் சபோட்டாஜ் சட்டம் வந்தது. போர்ப்பொருளுக்கும் போர்த் தளவாடங்களுக்கும் வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது அதன் பொருள். அதே ஆண்டு சிகாகோவில் ‘உலகத் தொழில்துறைத் தொழிலாளர்’ சங்கத்தினர் ஏறத்தாழ நூறு பேர் தண்டிக்கப்பட்டனர். சங்கத்தின் துண்டறிக்கைகளே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. எதிரி நாட்டு உளவாளியும் கூலி உயர்வு கேட்டு மெதுவாக வேலை செய்தவரும் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டது இப்படித்தான்.

ரஷ்யாவிலும் அரசே குற்றம் சாட்டும் இடத்தில் இருந்தது: 1917 டிசம்பரில் அமைந்த சேகா என்ற இரகசியக் காவல் அமைப்பின் முழுப்பெயரிலேயே எதிர்ப்புரட்சியோடு சபோட்டாஜும் இடம்பெற்றது. பணிக்கு வர மறுத்த அரசு ஊழியர்களே முதல் இலக்கு.

இரண்டாம் உலகப் போர் இச்சொல்லுக்கு வீரப்பொலிவு கொடுத்தது. 1940 ஜூலையில் பிரிட்டன் தொடங்கிய சிறப்புச் செயல்பாட்டு அமைப்பின் முதன்மைப் பணிகளில் ஒன்றே இது. 1943 பிப்ரவரி இறுதியில் நார்வே வீரர்கள் தம் நாட்டில் ஜெர்மன் கட்டுப்பாட்டில் இருந்த வெமோர்க் ஆலைக்குள் பனிமலை வழியே புகுந்து கனநீர்க் கலங்களைத் தகர்த்துத் தப்பியது அதன் புகழ்பெற்ற செயல். இங்கே சபோட்டாஜ் பெருமைக்குரிய சொல். பொருளாய்வுக்கு இன்னும் பயனுள்ளது, அமெரிக்க உளவமைப்பு 1944 ஜனவரியில் அச்சிட்ட ‘எளிய சபோட்டாஜ்’ கையேடு. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் சாதாரணக் குடிமக்களுக்கானது அது. வெடிமருந்து இல்லாமல் செய்யக்கூடியவை: எந்திரத்துக்கு எண்ணெய் விடாதிருப்பது, கருவியை மழுங்கவிடுவது, எதையும் உரிய வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்துவது, எல்லாவற்றையும் குழுவின் பரிசீலனைக்குத் தள்ளுவது, அவசர வேலை இருக்கும்போது கூட்டம் கூட்டுவது. 1897இல் துலூஸில் பேசப்பட்ட மெதுவேலைதான் இது. ஓர் அரசின் முத்திரையோடு திரும்பி வந்தது.

சட்டத்தின் கையில் சொல் எவ்வளவு விரியும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. நிறவெறி அரசு 1962இல் இயற்றிய பொதுச்சட்டத் திருத்தத்தை எல்லோரும் ‘சபோட்டாஜ் சட்டம்’ என்றே அழைத்தார்கள். குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, அதிகமாகத் தூக்கு. அத்துமீறி நுழைவது போன்ற செயல்களும் அதன் வலைக்குள் வந்தன. 1963–64 ரிவோனியா வழக்கில் நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் குற்றம்சாட்டப்பட்டது இந்தத் தலைப்பில்தான். 1964 ஏப்ரல் 20 அன்று குற்றவாளிக் கூண்டிலிருந்து மண்டேலா ஆற்றிய உரை சொல்லை மிகத் துல்லியமாக வரையறுத்தது. சபோட்டாஜ், கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி ஆகிய நான்கு வழிகளைப் பிரித்து, உயிரிழப்பு இல்லாததாலும் இனங்களுக்கிடையே எதிர்கால உறவைக் கெடுக்காததாலும் முதல் வழியைத் தேர்ந்ததாக அவர் விளக்கினார். ஜூன் 12 அன்று எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் சரியாகப் பொருந்த மூன்று கூறுகள் தேவைப்படுகின்றன. செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். தவறிப்போன கைப்பிழை சபோட்டாஜ் ஆகாது. ஒரு முயற்சியையோ அமைப்பையோ இயங்கவிடாமல் ஆக்குவது நோக்கமாக இருக்க வேண்டும்; நோக்கமின்றி உடைப்பது வெறும் காலித்தனம். மூன்றாவது கூறு மறைவு. உள்ளே இருப்பவர், அல்லது உள்ளே இரகசியமாகப் புகுந்தவர், வெளிக்குத் தெரியாமல் செய்வது. இந்த மூன்றாம் கூறே சொல்லை உருவகத்துக்கு இழுத்துச் சென்றது. சமாதானப் பேச்சை, திருமணத்தை, சகஊழியரின் பதவி உயர்வை ‘சபோட்டாஜ்’ செய்வதாகப் பேசுவது இப்போது இயல்பு. தன் வெற்றிக்குத் தானே தடையாவதை உளவியல் எழுத்து ‘தன்-சபோட்டாஜ்’ என்கிறது. அங்கே ‘வேண்டுமென்றே’ என்ற கூறு தளர்ந்துவிட்டது. பிரிட்டனில் நரிவேட்டையைத் தடுக்க 1963இல் உருவான சங்கம் இச்சொல்லைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டது. அவர்கள் திறந்தவெளியில் செயல்படுவதால் மறைவு என்ற கூறும் அங்கே இல்லை.

இந்தியாவில் இச்சொல் அரசு வழக்கில் பரவியது 1942இல். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் தந்திக் கம்பி அறுந்ததும் தண்டவாளம் பெயர்ந்ததும் ஆங்கிலேய அரசின் அறிக்கைகளில் சபோட்டாஜ் என்றே பதிவாயின. கோவை அருகே சூலூர் விமானதளம் அந்த ஆகஸ்டில் தீக்கிரையானது தமிழகத்தின் பெரிய நிகழ்வு. காந்தி 1944இல் விடுதலையான பின், சொத்தழிப்பும் இரகசியச் செயலும் அகிம்சைக்கு ஒவ்வாதவை என்று அழுத்தமாகச் சொன்னார். விடுதலைக்குப் பின்னும் இரயில்வே தன் விபத்துக் காரணங்களின் பட்டியலில் இச்சொல்லைத் தனி வகையாக வைத்திருக்கிறது. 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெடிவைக்கப்பட்டு மலைக்கோட்டை விரைவு இரயில் கவிழ்ந்தது அந்த வகையில் சேர்வது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் இதற்கு ‘நாசவேலை’ என்றும், பின்னணியில் கூட்டுத் திட்டம் இருப்பதாக ஐயுறும்போது ‘சதிவேலை’ என்றும் எழுதுகின்றன. பாலமும் தண்டவாளமும் பேசப்படும் இடத்தில் இரண்டும் சரியே. உருவகப் பொருளுக்கு அவை பொருந்துவதில்லை. அங்கே தமிழின் சொந்தக் கைவசம் வளமானது. ஒருவரின் முயற்சியை மறைவில் கெடுப்பது ‘குழிபறித்தல்’. தேர்தலில் சொந்தக் கட்சி வேட்பாளரையே கட்சிக்காரர் தோற்கடிக்க வேலை செய்வது ‘உள்ளடி வேலை’. ஆங்கிலச் சொல்லின் மூன்றாம் கூறு, உள்ளிருந்தே செய்தல் என்பது, இந்தச் சொல்லில் முழுமையாக இருக்கிறது. ‘முட்டுக்கட்டை போடுதல்’ சற்று வேறு. எல்லோரும் பார்க்கத் தடுப்பதற்கும் அது வழங்குவதால் சபோட்டாஜுக்கு அதை ஆள்வது பொருளை நீர்க்கச் செய்யும்.

பிழை நேர்வது பழைய ஆவணங்களில். பூழேயையும் ஃப்ளினையும் வெப்லனையும் தமிழாக்கும்போது ‘நாசவேலை’ என்று போட்டால், அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதே திரிந்துவிடும். தொழிலாளரை வழக்குக்கு இழுத்த அரசுத் தரப்பின் வாதத்தை மொழிபெயர்ப்பாளரே ஏற்றுக்கொண்டதாகிவிடும். தமிழ்த் தொழிற்சங்க வழக்கில் ‘மெதுவாக வேலை செய்யும் போராட்டம்’, ‘விதிப்படி வேலை’ என்ற தொடர்கள் பல ஆண்டுகளாக உயிரோடு இருக்கின்றன. 1918க்கு முந்தைய தொழிலாளர் எழுத்துகளை மொழிபெயர்ப்போர் ‘சபோட்டாஜ்’ என்ற சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் நிறுத்தி, மெதுவேலை பேசப்படும் இடங்களில் இந்தத் தொடர்களால் அதற்கு விளக்கம் தர வேண்டும். ‘நாசவேலை’யை உண்மையாகவே ஏதோ ஒன்று நாசமான இடத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.